கதர் அங்கியால் பட்டம் இழந்த மருந்து மேதை
டாக்டர் சுப்பாராவின் வாழ்க்கை

அரக்கோணத்திலிருந்து சென்னைக்கு வரும் மின்சார ரயில் மணவூரில் நிற்கும்போது, புத்தகப் பையும் சோற்று டப்பாவுமாகக் கல்லூரிப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். மருந்தாக்கியல், அதாவது பார்மசி, படிக்கிற பிள்ளைகள் இந்தப் பக்கத்து ஊர்களில் இப்போது அதிகம். அவர்களுடைய பாடத்தில் ஒரு சோதனை வருகிறது. இரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சோதனை. அதற்குப் பிஸ்கே-சுப்பாராவ் முறை என்று பெயர்.

பிஸ்கே ஓர் அமெரிக்கர். சுப்பாராவ் யார்?

பத்தாம் வகுப்புக்குச் சமமான மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோற்றவர் அவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் போனவர். அமெரிக்க ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டி கழுவியவர். கர்ப்பிணிகள் விழுங்கும் சத்து மாத்திரையும், யானைக்கால் மாத்திரையும், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்தும் இந்த ஒரு மனிதருடைய ஆராய்ச்சிக் கூடத்தோடு சம்பந்தப்பட்டவை என்றால் நம்ப முடிகிறதா? நம்பத்தான் வேண்டும்.

காசிக்கு ஓட்டம்

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி பீமவரத்தில் பிறந்தார். இன்று அது ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கிறது. அன்று சென்னை ராஜதானியைச் சேர்ந்த ஊர். திருத்தணி வட்டாரத்து வீடுகளில் இன்றும் தமிழும் தெலுங்கும் கலந்து கேட்கிறதல்லவா? அந்தக் காலத்தில் சென்னைப் பட்டணமே அப்படித்தான் இருந்தது. கோதாவரிக் கரையிலிருந்து வந்த ஒரு பையன் திருவல்லிக்கேணியில் தங்கிப் படிப்பது அதிசயமான விஷயம் அல்ல.

தகப்பனார் ஜகன்னாதம் ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்தவர். உடல்நலம் கெட்டு, வேலையைச் சீக்கிரமே விட நேர்ந்தது. வீட்டில் ஏழு குழந்தைகள். தாயார் வெங்கம்மாதான் குடும்பத்தை இழுத்துப் பிடித்தார்.

பையனுக்குப் படிப்பில் புத்தி போகவில்லை. பதின்மூன்றாவது வயதில் அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. காசிக்கு எத்தனையோ யாத்திரிகர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பணக்காரன் ஆகிவிடலாமே! உறவுக்காரப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான். வெங்கம்மா விடுவாரா? தேடிப் பிடித்து அழைத்துவரச் செய்து, மறுபடி பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்.

உட்கார்ந்தும் பயனில்லை. மெட்ரிகுலேஷனில் தோல்வி. மறு முறையும் தோல்வி. பிறகு அவரைச் சென்னைக்கு அனுப்பித் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தார்கள். மூன்றாவது முறை தேறினார். இதற்குள் தகப்பனார் காலமாகிவிட்டார். தாயாரின் நகைகள் மகனுடைய படிப்புக்காகப் போயின.

அடுத்து மாநிலக் கல்லூரி. அங்கே அவருக்குக் கணக்கில் ஆசை வந்தது. அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் வந்தது. ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகிவிட வேண்டும் என்பதே அது. மடத்தில் இருந்தவர்கள் பக்குவமானவர்கள். தாயாரின் சம்மதம் இல்லாமல் சேர்த்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஏழைகளுக்கு உதவ வேண்டுமானால் வைத்தியம் படிக்கலாமே என்றும் யோசனை சொன்னார்கள். வெங்கம்மா சம்மதம் தரவே இல்லை. இத்தனை பாடுபட்டு வளர்த்த பிள்ளையைச் சாமியாராக அனுப்ப எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்?

சுப்பாராவ் 1915-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

கதர் அங்கி

கல்லூரிச் செலவு தலைக்கு மேல் ஏறியது. 1919-ல் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மணமகள் பெயர் சேஷகிரி. மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி, மருமகனின் படிப்புக்குப் பணம் கொடுத்து உதவினார். படிப்பு தொடர்ந்தது.

அப்போதுதான் நாட்டில் காற்று மாறியது. அந்நியத் துணியை விடுங்கள், கதர் உடுத்துங்கள் என்று காந்தியடிகள் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார். வக்கீல்கள் கோர்ட்டை விட்டார்கள். மாணவர்கள் கல்லூரியை விட்டார்கள். சுப்பாராவ் கல்லூரியை விடவில்லை. ஆனால் அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக் கதரில் தைத்த அங்கியைப் போட்டுக்கொண்டு போனார்.

ஓர் அங்கி. அவ்வளவுதான். அதில் கத்தி ஓடாதா, கட்டுப் போட முடியாதா? ஆனால் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் பிராட்பீல்டுக்கு அது கண்ணில் விழுந்த தூசாகிவிட்டது. வெள்ளைக்கார ஆட்சியில் அரசாங்கக் கல்லூரி. அதிலே கதர்!

எழுத்துப் பரீட்சைகளில் சுப்பாராவ் நன்றாகத்தான் செய்திருந்தார். ஆனாலும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. வைத்தியம் பார்க்க அது போதும். ஆனால் அரசாங்க வேலை என்றும் மேற்படிப்பு என்றும் போனால், அந்தக் காகிதத்தைப் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். சென்னை மருத்துவ இலாகாவில் சேர முயன்றார். இடம் கிடைக்கவில்லை. இந்தக் குறைச்சல் பட்டம் கடல் கடந்தும் அவரைத் துரத்தியது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

எட்டு நாளில் இரண்டு சாவு

படிப்பு முடிந்த 1921-ஆம் ஆண்டில் குடும்பத்தின் மேல் இடி விழுந்தது.

அண்ணன் புருஷோத்தமம் நோயில் படுத்தார். வாயெல்லாம் புண். கழிச்சல் ஓயவில்லை. எதைச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டவில்லை. இரத்தம் வெளுத்து, ஆள் நாளுக்கு நாள் கரைந்தார். நம் நாட்டு வைத்தியர்கள் கிராணி என்று சொல்லும் வகையைச் சேர்ந்த நோய் அது. ஆங்கில வைத்தியத்தில் ஸ்புரூ என்பார்கள். அண்ணன் இறந்தார். எட்டே நாளில் தம்பி கிருஷ்ணமூர்த்தியும் அதே நோயில் இறந்தார்.

புதிதாக டாக்டர் ஆனவர் வீட்டிலேயே இருக்கிறார். கல்லூரியில் படித்த மருந்துகள் எல்லாம் அவருக்குத் தெரியும். அவற்றில் ஒன்றுகூட இந்த நோய்க்கு மருந்து அல்ல.

அதே நோய் சுப்பாராவையும் பிடித்தது. அவரைப் பிழைக்க வைத்தவர் சென்னையில் புகழ்பெற்ற ஆயுர்வேத வைத்தியர் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி. அவர் ஆங்கில வைத்தியமும் படித்தவர். அவருடைய ஆயுர்வேதக் கல்லூரியிலேயே சுப்பாராவ் ஆசிரியர் ஆனார். உடற்கூறு பாடம் நடத்தினார்.

பாடம் நடத்திய நேரம் போக, மற்ற நேரமெல்லாம் மருந்துகளைப் பற்றியே சிந்தித்தார். தன்னைப் பிழைக்க வைத்த மருந்தில் எது வேலை செய்தது? வேரிலா, பட்டையிலா, எதில் அந்தச் சக்தி இருந்தது? அதைத் தனியே பிரித்தெடுக்க முடியுமா? இதைத்தான் இன்று மருந்தாக்கியல் மாணவர்கள் பட்டப் படிப்பாகப் படிக்கிறார்கள். அன்று அப்படி ஒரு பட்டப் படிப்பு இந்தியாவில் எங்குமே கிடையாது. காசி இந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மகாதேவ லால் ஷ்ராப் அதற்கு அடிக்கல் நாட்டியது 1932-ல். சுப்பாராவுக்கு அதுவரை காத்திருக்க நேரம் இல்லை.

அமெரிக்காவிலிருந்து கொக்கிப்புழு ஒழிப்பு வேலைக்காகச் சென்னை வந்திருந்த ஒரு டாக்டர், ஹார்வார்டு பல்கலைக்கழகத்தைப் பற்றி அவருக்கு எடுத்துச் சொன்னார். போக ஆசை, கையில் காசு இல்லை. காக்கிநாடாவைச் சேர்ந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்ம நிதி கைகொடுத்தது. மீதியை மாமனார் கொடுத்தார்.

சேஷகிரி அப்போது கர்ப்பிணி. மூன்று ஆண்டுகளில் திரும்பி வந்துவிடுவதாக அவரிடம் சொல்லிவிட்டு, சுப்பாராவ் கப்பல் ஏறினார்.

மலச்சட்டியும் சோதனைக் குழாயும்

1922 அக்டோபர் 26-ஆம் தேதி பாஸ்டன் நகரில் இறங்கினார். குளிர் தொடங்கும் காலம். கையில் இருந்த பணம் கல்விக் கட்டணத்துக்கே போதாது. வெப்ப நாட்டு நோய்களைப் பற்றிக் கற்பிக்கும் ஹார்வார்டு பள்ளியின் தலைவர் டாக்டர் ரிச்சர்டு ஸ்டிராங் தன் பணத்தைக் கொடுத்து ஆதரித்தார்.

சாப்பாட்டுக்கு வழி? ஆஸ்பத்திரியில் டாக்டராக வேலை பார்க்கலாம் என்றால், சென்னையில் வாங்கிய அந்தச் சான்றிதழ் அங்கே செல்லவில்லை. ஆகவே, பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில் இரவு வேலையாள் ஆனார். நோயாளிகளின் மலச்சட்டியையும் மூத்திரச் சட்டியையும் எடுத்துக் கழுவும் வேலை. பகலில் ஹார்வார்டு மாணவர். இரவில் தோட்டி வேலை. சாதி ஆசாரம் நிறைந்த வீட்டில் பிறந்தவர். ஆனாலும் அவர் அந்த வேலையைச் செய்தார், வகுப்பிலும் தேறினார்.

ஊரில் சேஷகிரிக்கு ஆண் குழந்தை பிறந்தது. சில மாதங்களிலேயே அக்குழந்தை நோயில் இறந்துவிட்டது. தகப்பன் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

சுப்பாராவ் டிப்ளோமா வாங்கியதும், ஹார்வார்டிலேயே உயிர் ரசாயனத் துறையில் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலே இருந்தவர்தான் சைரஸ் பிஸ்கே. இரத்தத்திலும் மூத்திரத்திலும் இருக்கும் பாஸ்பரஸை அளக்கச் சுலபமான வழி அப்போது இல்லை. இருவரும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். சோதிக்க வேண்டிய திரவத்தில் குறிப்பிட்ட ரசாயனங்களைச் சேர்த்தால் நீல நிறம் வருகிறது. பாஸ்பரஸ் அதிகமானால் நீலமும் அதிகம். நிறத்தின் ஆழத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிடலாம். 1925-ல் இது வெளிவந்தது. மணவூரில் ரயில் ஏறுகிற பிள்ளைகள் படிப்பது இதைத்தான்.

சுலபமான அளவுகோல் கையில் கிடைத்ததும் புதிய கதவுகள் திறந்தன. நாம் கையைத் தூக்குகிறோம், நடக்கிறோம். தசைக்கு இந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது? லாக்டிக் அமிலத்திலிருந்து என்று அப்போது அறிஞர்கள் எண்ணியிருந்தார்கள். தசையைப் பற்றிய ஆராய்ச்சிக்காக ஹில், மேயர்ஹாப் என்ற இருவருக்கு 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசே கொடுக்கப்பட்டிருந்தது. பிஸ்கேயும் சுப்பாராவும் 1927-ல் தசைக்குள் பாஸ்போகிரியேட்டின் என்ற புதிய பொருளைக் கண்டார்கள். தசை வேலை செய்யும்போது அது குறைகிறது; ஓய்வு எடுத்தால் மறுபடி ஏறுகிறது. பழைய எண்ணம் ஆட்டம் கண்டது.

1929-ல் இன்னொன்று. அதன் பெயரைச் சுருக்கமாக ஏ.டி.பி. என்பார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமான் என்பவரும் அதே சமயத்தில் தனியாக அதைக் கண்டார். ஏ.டி.பி. என்றால் என்ன என்று கேட்டால் இப்படிச் சொல்லலாம். நிலம், வீடு, நெல் எல்லாம் சொத்துத்தான். ஆனால் பஸ்ஸில் டிக்கெட் வாங்க நிலத்தைக் கொடுக்க முடியுமா? சில்லறை வேண்டும். நாம் சாப்பிடும் சோறும் பருப்பும் சொத்து. உடம்பு அதைச் சில்லறையாக மாற்றித்தான் செலவு செய்கிறது. அந்தச் சில்லறைதான் ஏ.டி.பி. மனிதன், மாடு, மரம் எல்லா உயிரிலும் இதே சில்லறைதான் புழங்குகிறது.

1930-ல் ஹார்வார்டு அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. சென்னையில் பட்டம் கிடைக்காதவருக்கு உலகத்தின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றிலே பட்டம்!

ஆனால் பதவி உயர்வு வரவில்லை. ஆண்டுகள் போயின. பிஸ்கேயின் நிழலிலேயே அவர் நின்றார். சுப்பாராவ் தனியே பிரித்தெடுத்த சில பொருள்கள், பிஸ்கே வெளியிட விடாததால் உள்ளேயே கிடந்தன என்றும், பிற்காலத்தில் வேறு ஆட்கள் அவற்றை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்றும், அவருடன் ஹார்வார்டில் இருந்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பின்னால் எழுதினார். 1988-ல் நோபல் பரிசு பெற்றவர் ஹிட்சிங்ஸ். சுப்பாராவோ இதைப் பற்றிச் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

பம்பாய்ப் பெண்களும் கீரை இலையும்

1940-ல் அவர் ஹார்வார்டை விட்டு, நியூயார்க் நகருக்கு வடக்கே பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனார். இரண்டே ஆண்டில் அங்கே ஆராய்ச்சித் தலைவர் ஆனார். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. அவருடைய பெரிய வேலைகள் எல்லாம் அதற்குப் பிறகு நடந்த எட்டு ஆண்டுகளில்தான் அடங்கியிருக்கின்றன.

முதல் வேலை இரத்த சோகை. இதற்கு ஒரு முன்கதை உண்டு. அது நடந்தது நம் நாட்டில்.

லூசி வில்ஸ் என்று ஓர் ஆங்கிலப் பெண் டாக்டர் 1928-ல் இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் கர்ப்பமானால் இரத்தம் வெளுத்துச் சோர்ந்து விழுவதையும் சாவதையும் பார்த்தார். அவர்கள் சாப்பாட்டில் எதுவோ குறைகிறது என்று சந்தேகித்தார். ஈஸ்டிலிருந்து செய்யும் மலிவான பசை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். பெண்கள் தேறினார்கள்! ஈஸ்டில் ஏதோ ஒரு சத்து இருக்கிறது. அது எது என்று தெரியவில்லை. 1931-ல் இதை அவர் எழுதி வெளியிட்டார்.

1941-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் சில விஞ்ஞானிகள் பசலை இனத்துக் கீரையை டன் கணக்கில் அரைத்து, அந்தச் சத்தைச் சிறு அளவில் பிரித்தார்கள். இலைக்கு லத்தீன் மொழியில் போலியம் என்று பெயர். அதனால் அதற்குப் போலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் டன் கணக்கில் கீரை அரைத்து எத்தனை பேருக்கு மருந்து கொடுக்க முடியும்? தொழிற்சாலையில் செய்ய வேண்டும். அதற்கு அதன் உள்ளமைப்பு முழுவதும் தெரிய வேண்டும்.

சுப்பாராவ் பெரிய குழு ஒன்றைச் சேர்த்தார். 1943-ல் அவர் கூடத்தில் அந்தச் சத்து சுத்தமான படிகமாகக் கிடைத்தது. 1945-ல் அதை ரசாயன முறையில் தயாரித்தே காட்டிவிட்டார்கள். இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்தோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது இதுதான்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சுப்பாராவ் தேடிப் போனது வேறொரு கொடிய இரத்த சோகைக்கு மருந்து. ஆட்டு ஈரல் மாட்டு ஈரல் சத்தினால் அந்த நோய் அடங்கும் என்று தெரிந்திருந்தது. ஈரலில் இருக்கும் அந்தப் பொருள் போலிக் அமிலம் அல்ல, பி-12 என்ற வைட்டமின் என்று 1948-ல் வேறு ஆட்கள் கண்டுபிடித்தார்கள். ஒன்றைத் தேடப் போய் மற்றொன்று கிடைத்தது.

கிடைத்த மற்றொன்று எதற்கெல்லாம் பயன்பட்டது? அமெரிக்க டாக்டர் டாம் ஸ்பைஸ் அதைப் பல நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். வாயில் புண்ணும், ஓயாத கழிச்சலும், வெளுத்த இரத்தமுமாகக் கிடந்த ஸ்புரூ நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். சாப்பிட்டார்கள். எடை கூடினார்கள்.

புருஷோத்தமமும் கிருஷ்ணமூர்த்தியும் எந்த நோயில் போனார்களோ, அதே நோய். அவர்கள் செத்து அப்போது இருபத்துநான்கு, இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

பொய்ச் சாவி

போலிக் அமிலம் இரத்த அணுக்கள் பெருக உதவுகிறது. நல்லதுதான். ஆனால் இரத்தப் புற்றுநோயில் கெட்ட அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றனவே? அவற்றுக்கும் இது உரமாகிவிடாதா? பாஸ்டன் நகரில் குழந்தை நோய் ஆராய்ச்சி செய்த டாக்டர் சிட்னி பார்பர் இந்த ஆபத்தைக் கண்ணால் கண்டார். போலிக் அமில வகை மருந்தைக் கொடுத்தபோது நோய் வேகமாக முற்றியது.

அப்படியானால் போலிக் அமிலம் மாதிரியே தோற்றமுள்ள, ஆனால் வேலை செய்யாத ஒரு பொருளைக் கொடுத்தால் என்ன? பூட்டில் பொய்ச் சாவியை நுழைத்து உடைத்துவிட்டால், சரியான சாவி அதில் நுழையுமா? அதே கணக்கு. சுப்பாராவின் கூடத்தில் அத்தகைய பொய்ச் சாவிகளைச் செய்து பார்பருக்கு அனுப்பினார்கள். அவற்றில் ஒன்று அமினாப்டெரின்.

அந்நாளில் இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் இறந்துவிடும். வேறு முடிவே கிடையாது. பார்பர் 16 குழந்தைகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்தார். 10 குழந்தைகளுக்கு நோய் அடங்கியது. படுக்கையில் கிடந்த குழந்தைகள் எழுந்து விளையாடின. அந்த நலம் நிலைக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது. ஆனாலும் மருந்தினால் இந்த நோயைப் பின்வாங்கச் செய்ய முடியும் என்பது உலகத்துக்கு முதன் முதலாகத் தெரிந்தது. 1948 ஜூன் மாதம் பார்பரின் கட்டுரை வெளிவந்தது.

அதே குடும்பத்தில் பிறந்த தங்கை மருந்துதான் மெதோட்ரெக்ஸேட். இன்று இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நல்ல வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துவிடுகிறார்கள். அந்த மருந்துகளில் மெதோட்ரெக்ஸேட்டும் ஒன்று. கைகால் மூட்டுகள் வீங்கி முடங்கும் வாத நோய்க்கும் வாரம் ஒரு முறை இதையே கொடுக்கிறார்கள்.

யானைக்காலும் பொன் நிற நுண்ணுயிரும்

இரண்டாம் உலக யுத்தத்தில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களுக்கு யானைக்கால் நோய்க் கிருமி தொற்றியது. அமெரிக்கர்களுக்கு அது புதிய நோய். சுப்பாராவுக்குப் புதிதா? கொசுக்கடியால் பரவி, காலை உரல் போல வீங்க வைத்து, ஆளை வீட்டுத் திண்ணையில் உட்கார்த்திவிடும் அந்த நோயை அவர் கோதாவரிக் கரையிலும் சென்னையிலும் பார்த்து வளர்ந்தவர்தானே!

அவருடைய கூடத்தில் உருவான ஹெட்ராசான் என்ற மருந்து 1947-ல் வெளிவந்தது. டி.இ.சி. என்பதும் அதுதான். வீங்கிய காலை அது பழையபடி ஆக்கிவிடாது. இரத்தத்தில் திரியும் புழுக்குஞ்சுகளைக் கொல்லும். அதனால் கொசு வழியாக நோய் அடுத்தவருக்குப் போவது தடைப்படும். நோய் இருக்கும் மாவட்டங்களில் சுகாதார ஊழியர்கள் ஆண்டுக்கு ஒரு முறை வீடு வீடாக வந்து, தங்கள் கண் முன்னாலேயே விழுங்கச் சொல்லிக் கொடுத்த மாத்திரை இதுவே. எனக்குத்தான் நோய் இல்லையே என்று அதை வாங்கிக் குப்பையில் போட்டவர்களும் உண்டு!

யுத்த காலத்தில் பெனிசிலின் பெரும் புகழ் அடைந்திருந்தது. ஆனால் பெனிசிலினுக்கு அடங்காத கிருமிகள் எத்தனையோ இருந்தன. பல்கலைக்கழகத்திலிருந்து வயதாகி ஓய்வு பெற்றுவிட்ட பெஞ்சமின் டக்கர் என்ற தாவர அறிஞரைச் சுப்பாராவின் கூடம் வேலைக்கு எடுத்துக்கொண்டது. எழுபது வயதைத் தாண்டிய கிழவருக்கு என்ன வேலை? மண்ணைச் சோதிக்கிற வேலை! பல இடங்களிலிருந்து மண்ணை வரவழைத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வளர்த்துப் பார்த்தார். மிசௌரி மாநிலத்து வயல் மண் ஒன்றில் பொன் நிறமாக வளரும் நுண்ணுயிர் கிடைத்தது. அதிலிருந்து எடுத்த மருந்துக்கு ஆரியோமைசின் என்று பெயர் வைத்தார்கள். டெட்ராசைக்ளின் என்ற பெரிய மருந்துக் குடும்பத்துக்கு அதுவே மூத்த பிள்ளை. 1994-ல் சூரத் நகரில் பிளேக் பயம் வந்தபோது ஜனங்கள் மருந்துக் கடைகளில் முண்டியடித்து வாங்கினார்களே, அது இந்தக் குடும்பத்து மாத்திரைதான்.

1948 ஜூலை மாதம் நியூயார்க்கில் ஆரியோமைசினை உலகத்துக்கு அறிவித்தார்கள். மேடையில் நின்று புகழ் வாங்கிக்கொள்ளும் பழக்கம் சுப்பாராவுக்கு இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகள் பலவற்றில் அவர் பெயரே இருக்காது. கூட வேலை செய்தவர்களின் பெயர்தான் இருக்கும்.

ஆகஸ்டு 9 காலை

அவருக்கு வேடிக்கையான ஆசைகளும் இருந்தன. நடு வயதைத் தாண்டிய பிறகு விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். இந்தியர்கள் அமெரிக்கக் குடிகளாகலாம் என்று 1946-ல் அங்கே சட்டம் வந்தது. இருபத்துநான்கு ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்திருந்தும், அவர் கடைசிவரை அந்தக் குடியுரிமையைப் பெறவில்லை.

1948 ஆகஸ்டு 9-ஆம் தேதி காலை. பேர்ல் ரிவரில் அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தார்கள். படுக்கையில் தூங்குவது போலவே கிடந்தார். இரவில் மாரடைப்பு வந்து உயிர் போயிருந்தது. வயது 53. பார்பரின் கட்டுரை வந்து இரண்டு மாதம், ஆரியோமைசினை அறிவித்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

பூஞ்சை ஒன்றுக்குச் சுப்பாரோமைசிஸ் என்று 1953-ல் அவர் பெயரை வைத்தார்கள். பிறந்து நூறு ஆண்டு ஆன 1995-ல் இந்திய அரசாங்கம் அவர் படம் போட்ட தபால் தலையை வெளியிட்டது.

சேஷகிரி ஊரில் இருந்தார். மூன்று ஆண்டுகளில் வருகிறேன் என்று கப்பல் ஏறியவர், இருபத்தாறு ஆண்டுகள் ஆகியும் வரவில்லை. அவர் இறந்த செய்திதான் வந்தது.